போன் போனால் போனதுதானா?

தொலைந்த போனுக்கு மனு எழுதித் தரச் சொல்லி என் கடைக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எடுத்தவன் இனிமே அத யூஸ் பண்ண முடியுமா முடியாதா?" திரும்பக் கிடைக்குமா என்று கேட்பவர்கள்கூடக் குறைவு. கிடைக்காது என்று மனது பாதி முடிவு செய்துவிட்டது, எனக்கு இல்லாதது அவனுக்கும் உதவக் கூடாது என்கிற ஆத்திரம்தான் மிச்சம். நியாயமான ஆத்திரம்தான். ராமேசுவரத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் மனு, ரயில் டிக்கெட் என்று சின்னதாக ஒரு கடை நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப் போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் நின்றுகொண்டே இரண்டு வரியில் சொல்வதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஊர் நிலவரம். இங்கே போன் தொலைவதற்கென்றே அமைந்த இடம் அக்னி தீர்த்தக் கரை. வருகிறவர்கள் முதலில் கடலில் முங்க வேண்டும், அப்புறம் ஈரத் துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், அதற்குப் பின் துணி மாற்றித் தரிசனம். இதில் போனை எங்கே வைப்பது? 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் போனுக்குத் தடை விதிக்கச் சொன்னதிலிருந்து உள்ளேயும் கொண்டுபோக முடியாது. ஆகவே பை, பைக்குள் போன், பைக்குக் காவலாக ஒரு பாட்டி. தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அந்தப் பாட்டியையே கண்டுபிடிக்க முடியாது. மற்றபடி பாம்பன் பாலத்தில் ஓரமாக நின்று படம் எடுக்கும்போது கை நழுவி விழுவது, படகில் இடுப்பிலிருந்து நழுவுவது எல்லாம் தனிக் கணக்கு. கடலில் விழுந்த போனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணீர் உள்ளே போகாது என்று டப்பாவில் போட்டிருக்கும் அந்த ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்தால் போர்டு அரிக்க ஆரம்பித்துவிடும், அரிசிக்குள் புதைத்து வைத்தாலும் அந்த அரிப்பு நிற்காது. அதை யாரும் மறுபடி பயன்படுத்தப் போவதில்லை, மீன் உட்பட.

திருடுபோன போன் விஷயம் வேறு. அதை மறுபடி பயன்படுத்த முடியுமா என்றால், சிம் போட்டுப் பேசுகிற போனாக, இந்தியாவுக்குள், தடை விழுந்த பிறகு, முடியாது. மற்ற எல்லா வகையிலும் முடியும். இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. "பிளாக் பண்ணிட்டா போன் வெறும் செங்கல்" என்று வீடியோ போடுகிறவர்கள் சொல்வதை நம்பி, எடுத்தவன் அழுதுகொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் எல்லையும் புரிந்துவிடும். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கத்தில் ஓர் ஐஎம்இஐ நம்பர் உண்டு, இரண்டு சிம் போடுகிற போனாக இருந்தால் இரண்டு நம்பர். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். முதல் எட்டு இலக்கம் எந்த மாடல் என்று சொல்லும், அடுத்த ஆறு அந்தத் தனிப் போனுக்கு உரியது, கடைசி ஒன்று நம்பர் சரிதானா என்று கணக்குப் பார்ப்பதற்கு. போன் டவரைப் பிடிக்கும்போது சிம்மின் அடையாளத்தோடு இந்த நம்பரும் நிறுவனத்துக்குப் போகிறது. கறுப்புப் பட்டியலில் இருந்தால் டவர் அதைச் சேர்த்துக்கொள்ளாது. சிம்மை மாற்றினாலும் போன் அதே போன்தானே. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலைத் தனியாக வைத்திருந்ததால் ஒரு கம்பெனி தடுத்த போன் இன்னொரு கம்பெனி சிம்மில் ஜோராக ஓடும். அதை மாற்றத்தான் சிஇஐஆர் என்கிற மத்தியப் பதிவேடு வந்தது. 2019-இல் மகாராஷ்டிரா, கோவா பக்கம் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தோடு நாடு முழுவதற்கும் வந்தது. இப்போது ஓரிடத்தில் தடுத்தால் எல்லா நிறுவனங்களின் டவரிலும் தடை.

தடைக்கு அந்த இணையதளத்தில் போடுகிற விண்ணப்பம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஐஎம்இஐ நம்பர், தொலைந்த இடம், தேதி, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், அடையாள அட்டை, இருந்தால் போன் வாங்கிய பில். ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போட்டால்தான் ஆகும் என்றில்லை, புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது இருந்தாலே விண்ணப்பம் போகும். "திருடு போனது" என்றில்லாமல் "காணவில்லை" என்று எழுதச் சொன்னால் எழுதுங்கள், அதற்காக வாசலில் நின்று வாதாடி ஒரு நாளை வீணாக்க வேண்டாம், தடை விழுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. (திருடினார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் வாதாடுங்கள், அது வேறு.)

சிக்கல் ஓடிபியில் இருக்கிறது. ஓடிபி வருவதற்கு நம்பர் வேண்டும், அதனால் தொலைந்த நம்பருக்கே மாற்று சிம் வாங்கிவிட்டு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். மாற்று சிம் போட்டால் விதிப்படி முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. எஸ்எம்எஸ் வந்து, ஓடிபி போட்டு, விண்ணப்பம் போன பிறகு தடை விழ இன்னொரு 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆக எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஏறக்குறைய இரண்டு நாள் அந்தப் போன் எவன் கையிலோ உயிரோடு இருக்கும். வடக்கிலிருந்து வருகிற யாத்திரிகர்கள் பாடு இன்னும் மோசம். சாயங்காலம் ரயில், போலீஸ் ஸ்டேஷனில் மொழிச் சிக்கல், மாற்று சிம் ஊருக்குப் போய்த்தான். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்வதெல்லாம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புகாரைக் கேட்டு எழுதிக் கொடுத்து, ரசீதை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள் என்று அனுப்புவதுதான்.

பில்லும் இல்லை, டப்பாவும் இல்லை, நம்பரே தெரியாது என்பவர்கள்தான் பாதிப்பேர். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் வேறு யாராவது போனில் உங்கள் ஜிமெயிலைத் திறந்து, கூகுளின் போன் தேடும் பக்கத்துக்குப் போனால் அங்கே உங்கள் போனின் பெயருக்குப் பக்கத்தில் ஐஎம்இஐயும் கிடைக்கும். ஆனால் கூகுளும் சந்தேகப்பட்டு "உங்கள் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறோம், அதைத் தொடுங்கள்" என்று அந்தத் தொலைந்த போனையே கேட்கும். அப்போது வருகிற கோபத்தை நான் பலர் முகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் இதைப் படிக்கிற நேரத்திலேயே *#06# போட்டு வருவதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரில் எழுதி வையுங்கள். போனுக்குள்ளேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பவர்களும் உண்டு, அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இவ்வளவும் போனைப் பற்றி. என்னைக் கேட்டால், தொலைந்த முதல் ஒரு மணி நேரத்தில் போனை மறந்துவிட வேண்டும். 15,000 ரூபாய் போன் போனால் 15,000-தான் போகும். அதற்குள் இருக்கிற சிம்மில்தான் வங்கி இருக்கிறது. நம் பக்கத்தில் நிறையப் பேர் போன் கவருக்குப் பின்னால் ஏடிஎம் கார்டைச் செருகி வைத்திருக்கிறார்கள். கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், சிம்முக்கு வரும் ஓடிபி, இந்த மூன்றும் இருந்தால் பல வங்கிகளில் யுபிஐ ரகசிய எண்ணைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். போனுக்கு நீங்கள் போட்ட பேட்டர்ன் லாக் இதைத் தடுக்காது, ஏனென்றால் அவன் உங்கள் போனைத் திறக்கவே வேண்டாம், சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டால் போதும். மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிற 8,000 ரூபாய் நிவாரணமும், வீட்டம்மாவின் உரிமைத் தொகையும் விழுகிற கணக்கு அந்த சிம்மோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் பக்கத்தில் நிற்கிறவர் போனை வாங்கி, முதலில் சிம் கம்பெனிக்குக் கூப்பிட்டு சிம்மை நிறுத்துங்கள், அடுத்து வங்கி. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் சைபர் க்ரைம் உதவி எண் 1930. ஸ்டேஷன், சிஇஐஆர் எல்லாம் அப்புறம்.

சிம்முக்கே ஒரு பின் நம்பர் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. போட்டுவிட்டால் வேறு போனில் செருகியதும் நாலு இலக்கம் கேட்கும், மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க பியுகே என்கிற எட்டு இலக்க எண்ணைக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். செலவில்லாத வேலை. போன் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் பின் போட வேண்டுமே என்று சலித்துக்கொண்டு யாரும் செய்வதில்லை.

சரி, தடை விழுந்துவிட்டது. இனி எடுத்தவன் அல்லது அவனிடம் வாங்கியவன் ஒரு சிம்மைப் போட்டால் டவர் கிடைக்காது, அதோடு எந்த நம்பர் சிம் அதில் முயன்றது என்ற தகவல் காவல்துறைக்குப் போகும். மாவட்ட எஸ்.பி. மேசை நிறையப் போன்களை அடுக்கி வைத்து உரியவர்களிடம் கொடுக்கும் படம் நாளிதழில் வருகிறதே, அதெல்லாம் பெரும்பாலும் இப்படிப் பிடித்ததுதான். சைபர் க்ரைம் பிரிவிலிருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, நீங்கள் வைத்திருப்பது இன்னாருடைய போன் என்று சொன்னதும் பலர் பயந்துபோய்த் தாங்களே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள், வெளியூராக இருந்தால் கூரியரில் அனுப்புகிறவர்களும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, மாட்டுகிறவன் பெரும்பாலும் திருடன் இல்லை. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய யாரோ ஒரு கொத்தனார், யாரோ ஒரு காலேஜ் பையன். திருடியவன் அன்றைக்கே காசு பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இனி தடையால் ஆகாதவை. சிம் இல்லாமல் வைஃபையில் போட்டால் அது நல்ல குட்டி டிவி, குழந்தைக்கு விளையாட்டு, கேமரா. டவரைத் தொடாத வரைக்கும் கறுப்புப் பட்டியல் அதற்குத் தெரியவே தெரியாது. இந்த இடத்தில் தடுப்பது ஐஎம்இஐ இல்லை, உங்கள் கூகுள் கணக்கு. 2015 வாக்கில் ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து, வெளியிலிருந்து ரீசெட் அடித்தால் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் பூட்டு உண்டு. ஐபோனில் அது 2013-இலேயே வந்துவிட்டது. திரைக்கு லாக்கே போடாத, கணக்கே சேர்க்காத போனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பழைய ஆண்ட்ராய்டு பூட்டுகளை உடைத்துத் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது உதிரி பாகம். டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா, சார்ஜிங் போர்டு என்று பிரித்துவிட்டால் ஐஎம்இஐ பதிந்திருக்கிற மதர்போர்டு ஒன்றைத் தவிர மற்றது எல்லாம் பெயரில்லாத சாமான். ஆட்டை அறுத்த பிறகு காதில் போட்ட அடையாளத்தைத் தேடி என்ன பயன்? ஐபோன்காரர்கள் மட்டும் 2024-இல் உதிரி பாகங்களுக்கும் அந்தக் கணக்குப் பூட்டை நீட்டினார்கள். மற்ற போன்களில் நீங்கள் குறைந்த விலைக்கு மாற்றிய டிஸ்ப்ளே யாருடைய அக்னி தீர்த்தக் கண்ணீரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் நம்பரையே மாற்றுவது. இது கட்டுக்கதை இல்லை. 2020-இல் உத்தரப் பிரதேசம் மீரட்டில் போலீஸ் ஒரு ஐஎம்இஐயைத் தேடிப் போனபோது அதே நம்பரில் 13,000-க்கும் மேற்பட்ட போன்கள் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி இந்த நம்பரைத் திருத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். கொஞ்சம் வயதானவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரலாம். பெரிய ஸ்பீக்கர் வைத்த சைனா போன்கள் ஊரெல்லாம் அலறிக்கொண்டிருந்த காலத்தில், 2009 நவம்பரோடு ஐஎம்இஐ இல்லாத போன்களுக்கெல்லாம் சேவையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் 199 ரூபாய் கொடுத்தால் போனுக்கு ஒரு நம்பரைப் பதித்துத் தருகிற ஏற்பாட்டை கம்பெனிகளின் சங்கமே நடத்தியது, வரிசையில் நின்று பதித்துக்கொண்டார்கள். அன்றைக்கு 199-க்கு முறையாகக் கிடைத்த வேலை இன்றைக்கு 50 லட்சம் அபராதம்.

எங்கள் கடற்கரைக்கு மட்டும் உள்ள சந்தேகம் ஒன்று உண்டு. அரிச்சல்முனையில் போய் நின்றால் சில சமயம் போனில் இலங்கை டவர் எட்டிப் பார்க்கும், தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். "போன் அந்தப் பக்கம் போயிட்டா?" என்று கேட்பார்கள், அதுவும் கடலில் பிடிபட்டு வந்தவர்கள் வீட்டில் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. சிஇஐஆர் போடுகிற தடை இந்திய டவர்களுக்கு. அந்தந்த நாட்டு டவர் அந்தந்த நாட்டுப் பட்டியலைத்தான் பார்க்கும். உலக அளவில் கறுப்புப் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு நடப்பது அங்குள்ள கம்பெனிகளின் கையில். ஆகவே கடல் தாண்டிப் போன போனுக்கு இங்கே போடுகிற தடையை நம்பி உட்கார வேண்டாம், சிம்மை நிறுத்தி, கூகுள் கணக்கிலிருந்து அழிக்கக் கட்டளை கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இப்போது மறுபக்கம். திருட்டுப் போன் மறுபடி பயன்படுகிறது என்றால் அதைக் காசு கொடுத்து வாங்குகிறவன் ஒருவன் இருக்கிறான் என்றுதானே அர்த்தம். அவன் எங்கேயோ இல்லை, நம் தெருவில்தான். செகண்ட்ஸ் போன் என்றால் டப்பா இருக்கிறதா என்று கேட்காமல் சார்ஜ் நிற்குமா என்று மட்டும் கேட்கிற ஊர் இது. கீழக்கரைக்காரர் ஒருவர், வளைகுடாவில் வேலை பார்க்கிறவர், லீவில் வந்தபோது இதைப் பேசிக்கொண்டிருந்தோம். "காக்கா, நீங்க கொண்டுவர்ற போனுக்கெல்லாம் பில் எங்க?" என்றேன் (காக்கா என்றால் அங்கே அண்ணன்). "பில்ல வச்சு நான் என்னப்பா செய்ய? மச்சான் கேட்டான், வாங்கிட்டு வந்தேன்" என்றார். அந்த மச்சான் ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு விற்பார், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார், எல்லாம் நேர்மையான கைகள்தான், ஒரு துண்டுக் காகிதம்கூடக் கூடப் போகாது. இப்படிக் காகிதமில்லாத நல்ல போன்கள் ஆயிரம் சுற்றுவதால்தான் காகிதமில்லாத திருட்டுப் போன் ஒன்று யாருக்கும் உறுத்தாமல் உள்ளே கலந்துவிடுகிறது. வெளிநாட்டுப் போன் என்றால் பில் இருக்காது என்று ஒரு வாய்மொழிச் சட்டமே இங்கே நடப்பில் இருக்கிறது.

வாங்கும் முன் பார்க்க வழி மிக எளிது. விற்கிறவர் முன்னாலேயே *#06# அழுத்தி வருகிற நம்பரை, ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். அது எந்த மாடல், கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பதில் வரும். கையில் இருக்கும் போன் ஒன்று, பதிலில் வரும் மாடல் வேறொன்று என்றால் நம்பரை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். ஆனால் நான் முன்னே சொன்ன அந்த இரண்டு நாள் இடைவெளி இங்கேயும் உண்டு, நேற்றுத் திருடிய போன் இன்று சுத்தமாகத்தான் காட்டும். அதனால்தான் எஸ்எம்எஸ் மட்டும் போதாது, டப்பாவும் வேண்டும், விற்கிறவரின் ஆதார் நகலில் கையெழுத்தும் வேண்டும் என்கிறேன்.

தெரியாமல் வாங்கிவிட்டால்? தெரிந்தே, அல்லது சந்தேகப்படக் காரணம் இருந்தும் வாங்கியிருந்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. நிஜமாகவே தெரியாது என்றால் வழக்கு வராமல் போகலாம், போன் போய்விடும். திருடனுக்கே உரிமை இல்லாத பொருளில் அவனிடம் வாங்கியவனுக்கும் உரிமை வராது, கொடுத்த காசை அவனிடம்தான் தேடிப் போக வேண்டும். கரையில் கிடந்தது, நான் திருடவில்லை என்று வைத்துக்கொள்வதும் குற்றம்தான். கண்டெடுத்தால் அணைக்காமல் வைத்திருங்கள், உரியவர் எப்படியும் கூப்பிடுவார், எடுத்துப் பேசுங்கள்.

சர்வீஸ் கடை வைத்திருக்கிற நண்பர் ஒருவரிடம் டப்பா இல்லாமல் வாங்காதே என்று சொன்னால் சிரிக்கிறார். "மாப்ள, அப்படிப் பாத்தா பாதி யாவாரம் பக்கத்துக் கடைக்குப் போயிரும்." உண்மைதான், போகும். போகட்டும் என்பது என் கட்சி, அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. விற்க வருகிறவர்களின் ஆதார் நகல் மட்டும் வாங்க ஆரம்பித்திருக்கிறார், அதற்கே சிலர் இதோ வருகிறேன் என்று போய்த் திரும்பி வருவதில்லையாம்.

கடைசியாக ஒரு விஷயம், இது போனைத் திரும்பப் பெற்றவர்களுக்கு. தடை தானாக விலகாது. விண்ணப்பித்தபோது கிடைத்த கோரிக்கை எண்ணை வைத்து அதே இணையதளத்தில் நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், ஸ்டேஷனிலும் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். தங்கச்சிமடத்து அண்ணன் ஒருவர், விசைப்படகில் போகிறவர், படகுத் துறையில் போனை அடித்துவிட்டார்கள் என்று வந்தார், எல்லாம் செய்து தடை போட்டோம். கொஞ்ச நாள் கழித்து அதே போனோடு வந்து நிற்கிறார். படகின் முன்பக்கத்து அணியத்துப் பலகைக்கு அடியில் பழைய வலைக்குள் கிடந்ததாம். "தம்பி, போன் கெடச்சிருச்சு. ஆனா எந்த சிம்மப் போட்டாலும் டவர் காட்ட மாட்டேங்குது. திருட்டுப் பய என்னமோ பண்ணிட்டுப் போட்டுட்டான் போல."

"திருடன் பண்ணலண்ணே, நம்மதான் பண்ணோம்" என்றேன். கோரிக்கை எண் எழுதிய சீட்டு அவரிடம் இல்லை. விண்ணப்பித்தபோது வந்த எஸ்எம்எஸ்ஸை மாற்று சிம் போட்டிருந்த மகளின் போனில் தேடி எடுத்து, நீக்கக் கேட்டு அனுப்பினோம். சரியாவதற்கு ஒரு நாள் ஆகலாம் என்று சொன்னேன்.

"அதுவரைக்கும்?"

"வீட்டு வைஃபைல படம் பாருங்கண்ணே. அது ஓடும்."